அக்கா போட்ட பித்தளைத் திருகாணி

‘காயில்’ அக்கா ரேடியோ பழுது பார்க்கும்போது இடது கை இடுப்பில்தான் இருக்கும். வலது கை மட்டும் பெட்டிக்குள் போகும். கடைக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னமா நிக்கறா பாரு, ஊரையே விலைக்கு வாங்கினவ மாதிரி" என்பார்கள். திமிர் இருந்தது, இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அந்தக் கை இடுப்பில் நின்றது வேறு காரணத்துக்காக. இரண்டு கையையும் உள்ளே விட்டால் மின்சாரம் ஒரு கையில் ஏறி, நெஞ்சு வழியாகப் போய், மறு கையில் இறங்கும். ஒரு கை வெளியே இருந்தால் உதறலோடு போகும், உயிர் போகாது. இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு தடவை தூக்கி எறியப்பட்டு, சுவரோரம் உட்கார்ந்து தானே யோசித்துக் கண்டுபிடித்தது.

ஐந்தாம் வகுப்போடு படிப்பைத் தலைமுழுகியவள். மோட்டார் பட்டறையில் கூட்டிப் பெருக்கப் போனாள். கூட்டுகிற நேரம் போக மீதி நேரம் செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றிக் காயில் செய்வதை வேடிக்கை பார்த்தாள். ஒரு நாள் சுற்றுகிறவர் வரவில்லை, இவள் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் அவர் வந்தபோது அவருக்கு உட்கார இடமில்லை. மற்றவர்கள் சுற்றிய காயில் கருகித் திரும்பி வரும். அக்கா சுற்றியது திரும்பி வந்ததே இல்லை. வந்தால் அது அவள் சுற்றியதில்லை, அவ்வளவுதான்.

மோட்டாரிலிருந்து ரேடியோ, ரேடியோவிலிருந்து ஆம்ப்ளிஃபையர் என்று ஏறி வந்து சொந்தமாகக் கடை பிடித்தாள். தன்னைவிட மூத்தவர்கள்கூட அவளைக் காயில் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் வேண்டாமென்று சொல்லவில்லை.

அவளுக்கு ஒரு வழக்கம். பழுதுக்கு வரும் பெட்டி எதுவானாலும் அதில் ஒரு திருகாணியாவது தொலைந்திருக்கும். முன்னால் பிரித்தவன் பொறுப்பில்லாதவன் என்று அர்த்தம். அந்தக் காலி ஓட்டை அவளுக்குப் பல் விழுந்த வாய் மாதிரி உறுத்தும். தன் தகர டப்பாவிலிருந்து பளபளவென்று ஒரு பித்தளைத் திருகாணி எடுத்து அதில் முடுக்கித்தான் அனுப்புவாள். எந்த வீட்டுக்குப் போனாலும் மற்றதெல்லாம் வெள்ளையாக இருந்து ஒன்று மட்டும் மஞ்சளாக மின்னினால், "ஓ, அக்கா கை பட்ட பெட்டி" என்று தெரிந்துபோகும். கையெழுத்துப் போடுவதைவிட அவளுக்கு அது பிடித்திருந்தது.

இப்பேர்ப்பட்டவள் தன் கடையின் பின்பாதியில், ஜன்னல்கூட இல்லாத இடத்தில், ட்யூப்லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாள். அதற்குக் காரணம் தம்பி.

தம்பிக்குப் பிழைப்பு எதிலும் ஒட்டாமல் இருந்த காலத்தில், "முன்பாதியை நீ வச்சுக்கோ. விக்கறவனுக்குத்தான் முகப்பு வேணும், எனக்கெதுக்கு? ரெண்டு வருஷத்துல உனக்குன்னு ஒரு கடை பாத்துக்கோ" என்று தானே நடுவில் பிளைவுட் தடுப்பு அடித்துக் கொடுத்தாள். அவன் புது டிவி, மிக்ஸி, ஸ்பீக்கர் என்று அடுக்கினான். வியாபாரம் பிடித்துக்கொண்டது. ரெண்டு வருஷம் நீண்டு இழுத்துக்கொண்டே போய், கடைசியில் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடியும், காலையிலிருந்து சாயங்காலம் வரை அதன் வழியாகக் கொட்டும் வெயிலும் தம்பிக்கு. தடுப்புக்குப் பின்னாலிருந்து அவனுடைய டிவிக்கள் போடும் கூச்சல் மட்டும் அக்காவுக்கு.

அப்போதெல்லாம் அது பெரிதாகத் தெரியவில்லை. இப்போது கண் முன்போல இல்லை. முடியைவிட மெல்லிய கம்பியை ட்யூப்லைட்டில் கோர்ப்பதற்குள் கண்ணில் நீர் கட்டிவிடும். அந்தக் கண்ணாடி வெளிச்சத்தில் மேசையைப் போட்டால் இன்னும் நெடுநாள் ஓட்டலாம். கேட்கத்தான் வாய் வரவில்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற வாய் இல்லை அவளுக்கு.

அந்தச் சமயத்தில்தான் தம்பி ஏதோ மூடிப்போன தொழிற்கூடத்தின் ஏலத்தில் இரும்பு அலமாரிகள் வாங்கி வந்தான். அவற்றோடு கொசுறாக ஒரு பெட்டியும் வந்தது. குட்டி ஃபிரிட்ஜ் படுத்தமாதிரி நீளம். முகத்தில் வட்டமாக ஒரு பச்சைக் கண்ணாடி, சுற்றிலும் குமிழ்கள். அவன் அதைக் கல்லாவுக்குப் பக்கத்தில் போட்டு மேலே ஒரு மெத்தையை வைத்து உட்கார்ந்துகொண்டான்.

தேநீர் வாங்க முன்பக்கம் வந்த அக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

"டேய், எந்திரிடா!"

"ஏன்க்கா, பூச்சியா?"

"நீ எது மேல உக்காந்திருக்கேன்னு தெரியுமா? ஸ்கோப்புடா அது! ஆசிலாஸ்கோப்! கம்பிக்குள்ள ஓடற மின்சாரம் எப்படி ஏறுது, எப்படி இறங்குதுன்னு கோடு போட்டுக் காட்டற பெட்டி. உள்ள பூரா வால்வு, பழைய ரேடியோவுல சிவப்பா எரியுமே, அந்தக் கண்ணாடிக் குழாய். இந்த மாதிரி ஒண்ணை நான் பட்டறையில கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலேருந்து பாத்ததோட சரி, தொட விட்டதில்ல."

"ஆமா, இப்ப தொடு, யாரு வேணாங்கறா? செத்துப்போன பெட்டிக்கா இது. ஏலம் விட்டவனே, எடைக்குப் போடுங்கன்னு சொன்னான்."

"செத்துச்சா இல்லையான்னு நான் சொல்றேன்."

"நீ சொல்லுவே. இப்ப உனக்கு ஊசியில நூல் கோக்கவே மாமா வேணும்." தம்பி விளையாட்டாகத்தான் ஆரம்பித்தான். ஆனால் அவன் மனசில் நாளாக இருந்தது வெளியே வந்துவிட்டது. "அக்கா, கோவிச்சுக்காதே. எனக்குச் சரக்கு வைக்க இடம் பத்தல. பின்பாதியைக் குடோனா ஆக்கிடலாம்னு பாக்கறேன். நீ வீட்டுல ஹாயா இரு. போதும்க்கா, எவ்வளவு நாள் கண்ணைக் கெடுத்துப்பே?"

அக்கா தேநீர் டம்ளரை ஒரு டிவியின் தலைமேல் வைத்தாள். தம்பிக்குப் பகீரென்றது. புது டிவி.

"சரி. இந்தப் பெட்டியை நான் உயிரோட கொண்டுவந்து இதே முகப்புல வச்சா?"

"வச்சா என்ன?"

"முன்பாதி எனக்கு. நீ பின்னாடி போ. முடியலன்னா பின்பாதியும் உனக்கு. நான் டப்பாவைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போறேன்."

தம்பி வியாபாரி, உடனே சரியென்று சொல்வானா? "சும்மா ஒரு நிமிஷம் மினுக்கிட்டுப் போனா ஒத்துக்கமாட்டேன். வர்ற சனிக்கிழமை புது மாடல் டிவி இறங்குது, கூட்டம் அலைமோதும். அன்னிக்கு ஷட்டர் திறந்ததுலேருந்து மூடற வரைக்கும் ஓடணும். அதுவும் மூடியெல்லாம் போட்டு, ஸ்க்ரூ முடுக்கி, முழுப் பெட்டியா. கொடலை வெளிய போட்டுட்டு ஓடுதுன்னு சொல்லக்கூடாது."

"ஸ்க்ரூவைப் பத்தி எனக்கே சொல்றியா நீ?" என்றாள் அக்கா.

அக்காவின் கணவர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "மாமா, நீங்கதான் சாட்சி" என்றான் தம்பி. "சாட்சியெல்லாம் இருக்கட்டும், பெட்டியைத் தூக்க ஒரு கை போடு" என்றார் அவர்.

பின்னறையில் மேசைமேல் ஏற்றிப் பக்கத் தகடுகளைக் கழற்றினார்கள். உள்ளே எலி ஒன்று குடும்பம் நடத்திவிட்டுக் காலி செய்திருந்தது. டிரைவர் பிரஷ்ஷால் தூசி தட்டினார். அக்கா கண்ணாடியை மூக்கில் ஏற்றி உள்ளே பார்த்தாள். வரிசை வரிசையாக வால்வுகள், நேர்த்தியாகக் கட்டிய கம்பிகள், ஒவ்வொரு பற்றவைப்பும் முத்துக் கோர்த்த மாதிரி. "செஞ்சவன் என்னை மாதிரி ஆளா இருந்திருக்கான்" என்றாள். அவள் வாயிலிருந்து அதற்குமேல் ஒரு பாராட்டு வராது.

நேராகக் கரண்ட்டில் சொருகுகிறவள் இல்லை அவள். வழியில் ஒரு குண்டு பல்பைக் கோர்த்துத்தான் கொடுப்பாள். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரிந்து கோளாறைச் சொல்லிவிடும், பெட்டி தப்பிக்கும். போட்டாள். பல்பு பளீரென்று எரிந்தது. மீட்டரை எடுத்துத் துழாவினாள். கரண்ட்டைச் சீராக்கும் பெரிய கெபாசிட்டர் ஒன்று உள்ளே உளுத்துப் போயிருந்தது. மாற்றினாள். இந்தத் தடவை பல்பு மங்கியது. பின்னாலிருந்த காற்றாடி முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. வால்வுகள் ஒவ்வொன்றாகச் செந்நிறத்தில் விழித்தன.

"வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு" என்றார் டிரைவர்.

"ஸ்டார்ட் ஆச்சு, ஹெட்லைட் எரியலையே." பச்சைக் கண்ணாடி இருண்டே கிடந்தது. கோடு வரைகிற குழாய்க்குத் தனியாக மேல் வோல்டேஜ் வேண்டும், ஆளைத் தூக்கி எறிகிற வோல்டேஜ். அதைத் தயாரிக்கும் காயில் இடது ஓரத்தில் இருந்தது. தொட்டுப் பார்க்குமுன்பே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. மேல்பூச்சு வெடித்து, கம்பி கருகி, தொட்டால் உதிர்ந்தது.

அந்தக் காயில் வேறு எங்கும் கிடைக்காது. தம்பிக்கும் இது தெரிந்திருந்தால் அன்றைக்கே பந்தயம் ஜெயித்துவிட்டதாகக் கொக்கரித்திருப்பான். ஆனால் பெட்டி வந்து சேர்ந்திருப்பது யாரிடம்? பழைய சுற்றைப் பிரித்து எண்ணி, அதே கனத்தில் கம்பி எடுத்து, அடுக்குக்கு அடுக்கு மெல்லிய காகிதம் வைத்துச் சுற்றினாள். கம்பி முனையைக் காட்டிக் கொடுக்க டிரைவர் டார்ச் பிடித்தார். கண் கலங்கும்போதெல்லாம் நிறுத்தித் துடைத்துக்கொண்டாள். "வெளிச்சத்துல உக்காந்தா இதைப் பேசிக்கிட்டே சுத்துவேன்" என்று முணுமுணுத்தாள். சுற்றி முடித்து, உருக்கிய மெழுகில் முக்கி எடுத்து, ஆற வைத்துப் பொருத்தினாள்.

இடது கை இடுப்பில். வலது கை சுவிட்சில். வால்வுகள் சூடேறின. பச்சைக் கண்ணாடியின் நடுவில் ஒரு புள்ளி. அக்கா குமிழைத் திருப்பினாள். புள்ளி நீண்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு கோடாகி நின்றது. முடி மாதிரி மெல்லிசு. ஆடவில்லை, அசையவில்லை.

"மாமா, என்ன சத்தம்?" என்று தடுப்புக்கு அப்பாலிருந்து தம்பி கேட்டான்.

"உங்கக்கா ஹாரன் அடிக்கறா" என்றார் டிரைவர். அக்கா போட்ட கூச்சல் அப்படி.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பெட்டியை மூடும்போது இடது பக்கத் தகட்டில் ஒரு ஓட்டை காலியாக இருப்பதைப் பார்த்தாள். கை தானாகத் தகர டப்பாவுக்குப் போனது. பொறுக்கியதில் நல்லதாக, தடிமனாக, நீளமாக ஒரு பித்தளைத் திருகாணி எடுத்து, துணியில் துடைத்து முடுக்கினாள். ஒரு தடவை விலகி நின்று அழகு பார்த்தாள். தம்பியைக் கூப்பிட்டாள்.

சுவிட்சைப் போட்டாள். கோடு வந்தது. தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. அவன் எச்சில் விழுங்குவதற்குள் கோடு ஒரு குதி குதித்தது. மங்கியது. போயே போய்விட்டது.

அக்கா அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். வந்தது, குதித்தது, போனது.

மூடியைக் கழற்றினாள். கோடு ஜம்மென்று நின்றது. மூடினாள். போனது.

"அக்கா, நான் சொன்னது ஞாபகமிருக்கில்ல? மூடி போட்டுதான்" என்றான் தம்பி, இப்போது முகமெல்லாம் வெளிச்சமாக. போனவன் அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான். அக்காவின் முதுகுக்குப் பின்னாலேயே சுவருக்குச் சுவர் அளக்க ஆரம்பித்தான். "மாமா, இந்த முனையைப் பிடிங்க. ஃபிரிட்ஜ் வச்சா எத்தனை நிக்கும்னு பாக்கலாம்."

"நானே நின்னுகிட்டிருக்கேன், என்னை முதல்ல கணக்குல சேத்துக்கோ" என்றார் டிரைவர். முனையைப் பிடிக்கவில்லை.

தம்பி போன பிறகு அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். பழுது தீராமல் அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து டிரைவர் பார்த்ததில்லை.

"சூடுதான்" என்றாள். "மூடினா உள்ள சூடு தங்குது. ஏதோ ஒரு உருப்படி அதைத் தாங்கல."

தம்பி கடையிலிருந்தே ஒரு ஹேர் ட்ரையர் வாங்கி வரச் சொன்னாள். மூடியைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு வால்வுக்கும், ஒவ்வொரு கெபாசிட்டருக்கும் சூடான காற்றைப் பிடித்தாள். தன் நெற்றியில் வியர்வை வழிந்ததே தவிர, பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. கோடு இம்மிகூட நகரவில்லை. இதற்கு அது செத்துப்போயே இருந்திருக்கலாம் என்று தோன்றியது அவளுக்கு. செத்த பெட்டியை எழுப்பத் தெரியும். நன்றாக இருக்கிற பெட்டியை எப்படிச் சரி செய்வது?

"சூடு இல்லன்னா, மூடும்போது வேற என்ன புதுசா உள்ள போகுது?" என்றார் டிரைவர்.

"காத்து போகாது. வேற என்ன போகும்? பேசாம இருங்க."

அவர் பேசாமல் சாப்பாடு எடுத்து வைத்தார். அவள் தொடவில்லை. பெட்டியை மூடியபடி வைத்து, சுவிட்சைப் போட்டுவிட்டு, இருண்ட கண்ணாடியையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

தம்பி சாப்பிடப் போகிற நேரம். தடுப்புக்கு அந்தப் பக்கம் டிவிக்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசி டிவியும் அணைந்ததும் கடையில் விழுந்த அமைதி அவளுக்கே விசித்திரமாக இருந்தது. பின்னறையில் உட்கார்ந்து அந்த இரைச்சலுக்குக் காது எவ்வளவு மரத்துப்போயிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

டிக்.

அக்கா நிமிர்ந்தாள்.

டிக்... டிக்.

"நீங்க ஏதாவது தட்டறீங்களா?"

டிரைவர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

அவள் எழுந்து பெட்டியைச் சுற்றி வந்தாள். சத்தம் இடது பக்கத்திலிருந்து வந்தது. கிட்டே போனதும் மூக்கில் ஏறியது ஒரு வாசனை, இடி விழுந்த பின் காற்றில் நிற்குமே, அந்தக் கார வாசனை. மேல் வோல்டேஜ் எங்கேயோ தாவுகிறது. எங்கே தாவும்? தகடு தள்ளித்தானே இருக்கிறது?

அணைத்தாள். உள்ளே தேங்கி நின்ற மின்சாரத்தைக் கம்பி வைத்து இறக்கிவிட்டுத் தகட்டைக் கழற்றித் திருப்பினாள். உள்பக்கம் ஒரு விரல்நுனி அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தது அவளுடைய பித்தளைத் திருகாணி. அதன் நுனி கருத்திருந்தது. நேர் எதிரே, அவள் சுற்றிய காயிலின் மெழுகில், கடுகளவு ஒரு பழுப்புப் பொட்டு, மின்சாரம் அங்கிருந்து திருகாணிக்குத் தாவிய தடம்.

மூடும்போது புதிதாக உள்ளே போனது அதுதான். கழற்றும்போது கூடவே வெளியே வந்ததும் அதுதான்.

அக்கா அந்தக் கருத்த நுனியை விரலால் தடவிப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். டிரைவருக்குப் பயமே வந்துவிட்டது.

"என்னம்மா? யாரு பண்ண வேலை?"

"எவனால முடியும்? இந்தப் பெட்டியை எலியால சாகடிக்க முடியல, ஏலத்துல எடைக்குப் போட்டும் சாகல. நான் போட்ட ஸ்க்ரூதான் அதை மடக்கியிருக்கு! என் ஸ்க்ரூவுக்கு எவ்வளவு வலு பாத்தீங்களா?"

"அதான் கேட்டேனே, புதுசா என்ன உள்ள போகுதுன்னு..."

"கேட்டீங்க. நல்லா கேட்டீங்க. சாப்பாடு எங்க? பசிக்குது."

"அந்த ஓட்டைக்குச் சின்னதா ஒரு வெள்ளை ஸ்க்ரூ போட்டுரு, சரியாயிடும்."

அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் தட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டு வாயை மூடிக்கொண்டார். சாப்பிட்ட கையைக் கழுவியதும் அவள் அதே பித்தளைத் திருகாணியைக் குறட்டில் பிடித்தாள். ரம்பத்தால் பாதியாக அறுத்தாள். நுனியை அரத்தால் தேய்த்து மழமழவென்று ஆக்கினாள். காயிலில் இருந்த பழுப்பைச் சுரண்டி, புது மெழுகு விட்டாள். அதே ஓட்டையில் அதே திருகாணியை முடுக்கினாள். வெளியிலிருந்து பார்த்தால் தலை மட்டும் முன்போலவே மஞ்சளாக மின்னியது.

டிவிக்கள் மறுபடி அலற ஆரம்பித்தபோது, பின்னறையில் மூடிய பெட்டியில் கோடு நின்றுகொண்டிருந்தது. தம்பியை அவள் கூப்பிடவில்லை. டேப்போடு அவன் நிம்மதியாக இருக்கட்டும்.

சனிக்கிழமை ஷட்டர் ஏறியபோது, முகப்பில், புது டிவிக்களுக்கு நடுவில், ஸ்கோப் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் நாற்காலி போட்டு அக்கா.

தம்பி வந்தான், பார்த்தான். "மூடியிருக்கா?" என்று சுற்றி வந்து தகட்டைத் தட்டினான். "ஸ்க்ரூவெல்லாம் இருக்கா?"

"எண்ணிக்கோ."

எண்ணினான். எல்லாம் இருந்தது. மஞ்சளாக ஒன்று அவனைப் பார்த்துச் சிரித்தது.

கூட்டம் வந்தது. அக்கா பழைய மைக் ஒன்றை ஸ்கோப்போடு கோர்த்து வைத்திருந்தாள். முதலில் ஒரு அம்மாள் குனிந்து, "இது என்ன டிவி, ஒரே கோடா இருக்கு?" என்று கேட்டாள். அவள் கேட்ட கேள்வியே கண்ணாடியில் அலையலையாக ஓடியது. "ஐயோ, நானா அது?" என்று அவள் பின்வாங்க, அதுவும் ஒரு அலையாகப் போனது. அவ்வளவுதான். புது டிவி வாங்க வந்தவர்கள் வரிசையில் நின்று மைக்கில் பேசினார்கள். ஒருவர் இருமிக் காட்டினார். ஒருவர் மனைவியைப் பேசச் சொல்லிவிட்டு, "பாத்தியா, எவ்வளவு உசரம் போகுதுன்னு" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

தம்பி ஒரு கண்ணை வியாபாரத்திலும் ஒரு கண்ணைக் கோட்டிலும் வைத்திருந்தான். அது குதிக்கிறதா, மங்குகிறதா என்று நொடிக்கு ஒரு தரம் திரும்பினான். மதியம் சாப்பிடக்கூடப் போகவில்லை. போன நேரத்தில் கோடு போய்த் தொலைந்தால் அக்கா சொல்லமாட்டாளே! அப்படிச் சொல்லாமல் விடுகிறவள் இல்லை அவள் என்பதும் அவனுக்குத் தெரியும். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் டிவியும் வாங்கிப் போனார்கள். சாயங்காலத்துக்குள் அவனுக்கு யார் பக்கம் நிற்பதென்றே குழப்பமாகிவிட்டது. "கிட்ட போங்க, கிட்ட போய்ப் பேசுங்க, பழுதே ஆகாத பெட்டி, எங்கக்கா செஞ்சது" என்று அவனே கூவ ஆரம்பித்தான்.

கடைசி ஆளும் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கினான். கோடு நின்றது. முழுசாக இறக்கினான். நின்றது.

"அக்கா."

"சொல்லுடா."

"ஒரு தடவை நான் பேசிப் பாக்கட்டுமா?"

அக்கா மைக்கை நீட்டினாள். தம்பி தொண்டையைச் செருமி, "அக்கா ஜெயிச்சுட்டா!" என்று கத்தினான். கோடு எகிறிக் கண்ணாடியின் மேலும் கீழும் முட்டியது.

"பாத்தியா? உன் வாய் அளவுக்கு அந்தக் கண்ணாடி பத்தல" என்றாள் அக்கா. அப்புறம்தான் ஸ்கோப்பை அணைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி தன் கையாலேயே பிளைவுட் தடுப்பைக் கழற்றினான். டிவிக்களைப் பின்னால் தள்ளினான். அக்காவின் மேசையைக் கண்ணாடியோரம் இழுத்துப் போட்டான். "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்... அவ்வளவு வேணாம்... ஆங், அங்க" என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவள் கை காட்டினாள். கழற்றிய தடுப்பின் திருகாணிகளை அவன் குப்பையில் போடப் போனபோது மட்டும் எழுந்து வந்து பிடுங்கித் தன் டப்பாவில் போட்டுக்கொண்டாள்.

வெயில் மேசைமேல் விழுந்தது. அக்கா முடியைவிட மெல்லிய கம்பி ஒன்றை எடுத்தாள். டிரைவர் பழக்கதோஷத்தில் டார்ச்சோடு கிட்டே வந்தார்.

"அதை அணைச்சு உள்ள வைங்க" என்றாள். ஒரே தடவையில் கோர்த்தாள்.